சட்டைப்பை டார்ச்சும் அதன் பக்கவிளக்கும்: வாசகர் கேள்வி–பதில்

கைக்கு அடக்கமான டார்ச் விளக்குகளைப் பற்றிச் சென்ற இதழில் ஒரு வாசகருக்கு நான்கே வரிகளில் பதில் சொல்லிவிட்டு நகர்ந்தது போதாது என்பதை, அதன்பின் வந்த கடிதங்கள் உணர்த்திவிட்டன. முனையில் ஒரு விளக்கும் விலாப்பக்கம் இன்னொரு விளக்குமாக வரும் சிறு டார்ச்சுகளைப் பற்றியே பெரும்பாலான கேள்விகள் இருப்பதால், இந்த முறை பக்கங்களை முழுவதும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன்.

கேள்வி: தினமும் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு சிறு டார்ச் வாங்க நினைக்கிறேன். முன்விளக்கு 1000 லூமென், பக்கவிளக்கு 200 லூமென் என்று அட்டையில் அச்சிட்டிருக்கிறார்கள். முன்விளக்கே 1000 தரும்போது பக்கத்தில் இருக்கும் அந்த 200 எதற்கு? வெறும் அலங்காரமா?
– மின்தூக்கிப் பராமரிப்புப் பணியாளர்

பதில்: அலங்காரம் அன்று. உங்கள் தொழிலுக்கு அந்த 200தான் விளக்கு. முன்னால் இருக்கும் 1000 எப்போதாவது தேவைப்படும் துணை. காரணத்தைச் சொல்வதற்கு முன் மூன்று அளவுகளைப் பிரித்துப் பார்த்துவிட வேண்டும். விளக்கிலிருந்து எல்லாத் திசைகளிலும் வெளியேறும் ஒளியின் மொத்தத் தொகை லூமென். குறிப்பிட்ட ஒரு திசையில் அந்த ஒளி எவ்வளவு செறிவாகப் பாய்கிறது என்பது கேண்டெலா. நீங்கள் பார்க்கிற பொருளின் மேல் ஒரு சதுர மீட்டருக்கு எத்தனை லூமென் வந்து விழுகிறது என்பது லக்ஸ். வேலைக்குக் கணக்காவது மூன்றாவது. அட்டையில் பெரிய எழுத்தில் அச்சாவதோ முதலாவது.

பக்கவிளக்கு பெரும்பாலும் மஞ்சள் பட்டை போலத் தெரியும் எல்.இ.டி. வரிசை. அதன் ஒளி லென்ஸ் எதற்குள்ளும் அடங்காமல் விரிந்து பரவுவதால், 200 லூமெனுக்கு நேர்த்திசையில் ஏறக்குறைய 64 கேண்டெலாதான் கிடைக்கும். அரை மீட்டர் தூரத்தில் அது சுமார் 255 லக்ஸ். எழுத்துவேலை நடக்கும் அலுவலக மேசைகளுக்குப் பொதுவாகப் பரிந்துரைக்கப்படும் 500 லக்ஸில் பாதி. கையெட்டும் தூரத்தில் திருகுகளையும் கம்பி நிறங்களையும் பார்ப்பதற்கு இது தாராளம். முன்விளக்கின் கதை வேறு. கைவிரல் நீள டார்ச் ஒன்றில் 1000 லூமெனை லென்ஸ் குவித்து அனுப்பும்போது 6400 கேண்டெலா என்பது இயல்பாகக் காணக்கூடிய எண். அதே அரை மீட்டரில் கணக்குப் பார்த்தால் 25,600 லக்ஸ் வருகிறது. நேர்வெயில் படாத நடுப்பகல் வெளிச்சத்துக்கு ஒப்பானது. இருட்டான அறையில் மின்பலகையின் கதவைத் திறந்து, நடுப்பகலை உள்ளங்கை அகலத்துக்கு வட்டமாக வெட்டி அதன்மேல் ஒட்டியதாக நினைத்துக்கொள்ளுங்கள். வெள்ளை லேபிள் கண்ணைக் கூசச் செய்யும், கண்மணி சுருங்கும், வட்டத்துக்கு வெளியே உள்ள கம்பிகள் டார்ச் ஏற்றுவதற்கு முன் தெரிந்த அளவுக்குக்கூடத் தெரியாமல் போகும். முன்விளக்கைக் குறைத்து வைத்துக்கொள்ளலாமே என்று நீங்கள் கேட்கலாம். 50 லூமெனுக்குக் குறைத்தாலும் அரை மீட்டரில் 1280 லக்ஸ் விழும். வட்டத்தின் அகலமும் மாறாது.

நிழல் இன்னொரு விஷயம். முன்விளக்கின் ஒளி ஒரு சிறு வட்டத்திலிருந்து கிளம்புவதால், திருப்புளியின் நிழல் கத்தியால் கீறியதுபோல் திருகின் தலைமேல் விழுந்து அதை மறைக்கும். ஐந்தாறு சென்டிமீட்டர் நீளமுள்ள பட்டையிலிருந்து வரும் ஒளியில், ஒரு முனை விழவைக்கும் நிழலை மறுமுனை ஓரளவு நிரப்பிவிடுவதால் நிழலின் ஓரம் கரைந்துவிடும். பேனா நுனியைத் தாளுக்கு மேலே இரண்டு விரற்கடை தூக்கிப் பிடித்து இரு விளக்குகளையும் மாற்றி மாற்றி ஏற்றினால், இந்த வேறுபாடு ஒரு நொடியில் விளங்கும்.

அப்படியானால் பக்கவிளக்கை எப்படி எடைபோடுவது? அதன் உச்ச வெளிச்சத்தைவிட மிகக் குறைந்த வெளிச்சம் எவ்வளவு என்பதை முதலில் கேளுங்கள். 5 அல்லது 10 லூமெனில் தொடங்காமல் 100இல் தொடங்கும் பக்கவிளக்கு, நடு இரவில் கைக்கெட்டிய பொருளைத் தேடப் பயன்படாது. அடுத்தது கூச்சம். ஒளி எல்லாப் பக்கமும் விரிகிறது என்பதே இதன் குணம் ஆகையால், அது பிடித்திருப்பவரின் கண்ணிலும் விரியும். பட்டை உடம்பின் மட்டத்துக்குச் சற்று உள்வாங்கிப் பதிந்து, மேலே பால்நிற மூடி போட்டிருந்தால் இந்தத் தொல்லை பெரிதும் குறையும். துருத்திக்கொண்டு நிற்கும் பட்டையைக் கண்ணுக்குக் கீழே, வயிற்று உயரத்தில் வைத்துத்தான் வேலைசெய்ய வேண்டியிருக்கும்.

மூன்றாவதாக, கையை விட்டால் அது எப்படி நிற்கிறது என்று பாருங்கள். நான் பார்த்த அட்டைகளில் ஒன்றுகூட இதைச் சொன்னதில்லை. பக்கவிளக்கின் முழுப்பயனும் இரண்டு கைகளும் வேலையில் இருக்கும்போதுதான் வெளிப்படும். உருளையான உடம்பு மேசையில் உருண்டு, பட்டை தரையைப் பார்த்துக் கவிழ்ந்துவிடும். தட்டையான உடம்பு நிலையாகக் கிடக்கும். ஆனால் பட்டை அகலமான முகத்தில் இருந்தால் ஒளி கூரையைப் பார்க்கும், குறுகிய விளிம்பில் இருந்தால் கிடையாக வீசும். உங்களுக்கு அடியில் காந்தம் உள்ள வகை பொருந்தும்: இரும்புக் கதவில் ஒட்டினால் டார்ச் கதவுக்குச் செங்குத்தாக நீட்டிக்கொண்டு, பட்டை பலகையின் மேல் ஒளியைப் பரப்பும். காந்தம் மட்டும் இருந்து பக்கவிளக்கு இல்லாவிட்டால், ஒட்டிய இடத்திலிருந்து ஒளி உங்கள் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவருக்குத்தான் போகும்.

முன்விளக்கையும் நான் ஒதுக்கச் சொல்லவில்லை. மின்தூக்கிக் கூண்டின் மேல் நின்று குழியின் உச்சியில் உள்ள கப்பியைப் பார்க்கப் பக்கவிளக்கு எவ்வகையிலும் உதவாது.

கேள்வி: என் டார்ச்சின் அட்டையில் "1000 லூமென், 3 மணி நேரம்" என்று இருக்கிறது. உச்சத்தில் வைத்தால் இரண்டு நிமிடத்தில் தானாக மங்கிவிடுகிறது. பழுதடைந்த பொருளைத் தந்து ஏமாற்றிவிட்டார்களா?
– கல்லூரி மாணவி

பதில்: பழுது இல்லை. ஏமாற்று என்பதற்கு நேராக ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது. சிறு டார்ச்சுகளில் இருக்கும் உள்ளமை பேட்டரி பெரும்பாலும் 1000 மில்லி ஆம்பியர்-மணி அளவில் இருக்கும். அதை 3.7 வோல்ட்டால் பெருக்கினால் 3.7 வாட்-மணி. நல்ல எல்.இ.டி.யும் நல்ல மின்சுற்றும் சேர்ந்தால் ஒரு வாட்டுக்கு 100 லூமென் என்று தோராயமாக வைத்துக்கொள்ளலாம். எனவே அந்த பேட்டரியில் இருப்பது 370 லூமென்-மணி: 370 லூமெனை ஒரு மணி நேரமோ, 100 லூமெனை மூன்றே முக்கால் மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவாகவோ, 1000 லூமெனை 22 நிமிடமோ தரலாம். 1000 லூமெனை மூன்று மணி நேரம் தர வேண்டுமானால் 30 வாட்-மணி தேவை. அதற்கு 18650 எனப்படும் பெருவிரல் பருமனான நல்ல பேட்டரிகள் மூன்று வேண்டும். உங்கள் சட்டைப்பை அதைத் தாங்காது.

பிறகு அந்த "3 மணி" எங்கிருந்து வந்தது? டார்ச்சுகளை அளப்பதற்கு எஃப்.எல்.1 என்றொரு தரநிலை 2009 முதல் நடைமுறையில் இருக்கிறது. விளக்கை ஏற்றி 30 நொடி கழித்து இருக்கும் வெளிச்சத்தைத் தொடக்கமாகக் கொண்டு, அது பத்தில் ஒரு பங்காகக் குறையும்வரை ஓடும் நேரத்தை "எரியும் நேரம்" என்று எழுத அது அனுமதிக்கிறது. இரண்டு நிமிடம் 1000, பிறகு வெகுநேரம் 120 என்று எரிந்தாலும், 100க்குக் கீழே இறங்காதவரை கடிகாரம் ஓடிக்கொண்டே இருக்கும். எண் பொய்யில்லை, வாசகர் அதைப் படிக்கும் விதத்தை நம்பி அச்சிட்ட எண்.

மங்குவதற்குக் காரணம் வெப்பம். 10 வாட் எடுக்கும் விளக்கில் ஆறேழு வாட் வெப்பமாகவே மாறுகிறது. 40 கிராம் அலுமினிய உடம்பை ஒரு டிகிரி சூடேற்ற 36 ஜூல் போதும். ஆகவே ஐந்தாறு நொடிக்கு ஒரு டிகிரி வீதம் ஏறி, காற்றும் கையும் கொஞ்சம் எடுத்துக்கொண்டது போக, சில நிமிடங்களில் கையால் பிடிக்க முடியாத சூட்டை எட்டிவிடும். அதற்கு முன்பே மின்சுற்று வெளிச்சத்தைக் குறைத்துவிடுகிறது. குறைக்காத டார்ச்சைக் கண்டால்தான் நீங்கள் பயப்பட வேண்டும். வேடிக்கை என்னவென்றால், டேவிட் மிசெல் என்பவர் 1899இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற தொடக்ககாலக் கைவிளக்கைத் தொடர்ந்து எரியவிட முடியாது. அன்றைய பேட்டரிக்கு இடையிடையே ஓய்வு தேவைப்பட்டதால் பளிச் பளிச்சென்று விட்டு விட்டுத்தான் ஏற்றினார்கள். ஃபிளாஷ் லைட் என்ற பெயர் அப்படித்தான் வந்தது. நூற்றாண்டு கடந்து, உச்ச நிலையை விளம்பரத்துக்காகவே ஏற்றி ஏற்றி நாம் மீண்டும் அங்கேயே போய் நிற்கிறோம்.

நீங்கள் ஒப்பிட வேண்டியது, மங்கியபின் நிலையாக எத்தனை லூமென் எரிகிறது என்பதைத்தான். பக்கவிளக்குக்கும் இதே கேள்வியைக் கேளுங்கள். முன்விளக்குக்கு நல்ல மின்சுற்றைக் கொடுத்துவிட்டு, பக்கப் பட்டையை ஒரு மின்தடையோடு நேரே பேட்டரியில் கட்டிவிடும் மலிவான வகைகளும் உண்டு. அவற்றில் பேட்டரி இறங்க இறங்கப் பக்கவிளக்கும் அழுதுவடியும்.

கேள்வி: இரவுப் பணியில் நோயாளிகளை எழுப்பாமல் மருந்துக் குப்பிகளின் எழுத்தைப் படிக்கவும், சொட்டு இறங்குவதைப் பார்க்கவும் ஒரு விளக்கு வேண்டும். பக்கவிளக்கில் சிவப்பு நிறம் உள்ளதை வாங்கலாமா?
– செவிலியர்

பதில்: சிவப்பு இருக்கட்டும், ஆனால் அதை நம்பி வாங்காதீர்கள். மங்கிய ஒளியில் பார்க்க உதவும் கண்ணின் செல்கள் ஆழ்ந்த சிவப்பை ஏறக்குறைய உணர்வதே இல்லை. அதனால்தான் இருட்டுக்குப் பழகிய கண்ணைச் சிவப்பு விளக்கு கெடுப்பதில்லை. முழுமையாக இருட்டுக்குப் பழக 20 முதல் 30 நிமிடம் ஆகும் என்பதால், வானத்தைப் பார்ப்பவர்களுக்கும் இரவில் காவல் இருப்பவர்களுக்கும் இது பெரிய வரம். உங்கள் பணியோ நிறத்தைப் பார்த்து முடிவெடுக்கும் பணி. வெள்ளைத் தாளில் சிவப்பு மையால் அச்சிட்ட எச்சரிக்கை, சிவப்பு ஒளியில் தாளோடு தாளாக மறைந்துவிடும். இரண்டு குப்பிகளின் லேபிள்களில் ஒன்று சிவப்புக் கட்டம், மற்றது கட்டமே இல்லாதது என்றால், சிவப்பு விளக்கில் இரண்டும் ஒன்றே.

உங்களுக்கு ஏற்றது, ஒரு லூமெனுக்கும் கீழே இறங்கக்கூடிய, நிறங்களைச் சரியாகக் காட்டும் வெள்ளைப் பக்கவிளக்கு. வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி.; அதன்மேல் பூசிய மஞ்சள் பொடி நீலத்தின் ஒரு பகுதியை மஞ்சளாக மாற்ற, இரண்டும் கலந்து வெண்மையாகத் தெரிகிறது. (அந்த நீல எல்.இ.டி.க்காகத்தான் இசாமு அகாசாகி, ஹிரோஷி அமனோ, ஷுஜி நகமுரா மூவருக்கும் 2014இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. அணைந்திருக்கும் பக்கவிளக்கு மஞ்சள் பட்டையாகத் தெரிவதும் அந்தப் பூச்சினால்தான்.) இந்தக் கலவையில் சிவப்பு குறைவாக இருப்பது இயல்பு என்பதால், சாதாரண டார்ச் ஒளியில் மனிதத் தோல் சோகைபிடித்ததுபோல் வெளிறித் தெரியும். நிறங்களை எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் எண் தருவார்கள். சாதாரண டார்ச்சுகளில் 70 அளவிலும், நல்லவற்றில் 90க்கு மேலும் இருக்கும். அந்த எண்ணைக் கணக்கிடும் எட்டு நிறங்களில் ஆழ்ந்த சிவப்பு இடம்பெறவில்லை. அதற்குத் தனியாக ஆர்9 என்றோர் எண் உண்டு. அதையும் வெளிப்படையாக எழுதும் தயாரிப்பாளர் நிறத்தைப் பற்றி அக்கறை உள்ளவர் என்று கொள்ளலாம். ஒளியின் தொனி 4000 முதல் 5000 கெல்வின் வரை இருப்பது உங்களுக்கு வசதி. 6500 கெல்வின் நீலம் கலந்து, தூங்குகிறவர் முகத்தில் பட்டால் எழுப்பிவிடும் அளவுக்கு உறைப்பாக இருக்கும்.

எண் எதுவும் கிடைக்காவிட்டால், கடையிலேயே உங்கள் உள்ளங்கையைப் பக்கவிளக்கின் முன் விரித்துப் பாருங்கள். விரல் நுனிகளின் இளஞ்சிவப்பும் உள்ளங்கையின் நடுப்பகுதியும் தனித்தனியாகத் தெரிந்தால் நல்லது. மொத்தமும் சாம்பல் பூசியதுபோல் ஒரே நிறமாகத் தெரிந்தால் வைத்துவிட்டு வாருங்கள்.

இன்னொன்று, குறைந்த நிலையில் துடிப்பு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒளியைக் குறைப்பதற்குச் சில டார்ச்சுகள் விளக்கை நொடிக்கு நூற்றுக்கணக்கான முறை அணைத்து ஏற்றும். கைப்பேசியின் கேமராவைப் பக்கவிளக்கின் முன் பிடித்தால் திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடும். அந்த ஒளியில் விழும் சொட்டைப் பார்த்தால், ஒன்று விழுந்தது பலவாகச் சிதறித் தெரியும். எண்ணிக் கணக்கிடும் வேலைக்கு அது ஆகாது.

கேள்வி: கைப்பேசியிலேயே விளக்கு இருக்கிறதே. தனியாக ஒரு டார்ச் சுமப்பது தேவைதானா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர்

பதில்: கைப்பேசி விளக்கும் லென்ஸ் குவிக்காத பரந்த ஒளிதான்; குணத்தால் அது பக்கவிளக்கின் உறவு. எப்போதாவது பூட்டுத்துளையைத் தேடுபவருக்கு அதுவே போதும். ஏணியின் மேல், நீரின் அருகில், எண்ணெய்க் கையோடு, அல்லது பேசிக்கொண்டே பார்க்க வேண்டிய இடத்தில் அதை நீட்ட மனம் வருகிறதா என்று யோசித்துப் பாருங்கள். வாரத்தில் இரண்டு முறை மனம் தயங்கினால் டார்ச் வாங்கலாம்.

கேள்வி: புற ஊதா விளக்கு, பச்சை லேசர் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்த தட்டை டார்ச் ஒன்றை நண்பர் பரிசளித்தார். இவை எதற்குப் பயன்படும்?
– கணினித் துறைப் பணியாளர்

பதில்: புற ஊதாவுக்குப் பயன் உண்டு: பணத்தாள்களின் மறைகுறிகள், வளர்ப்பு விலங்குகளின் சிறுநீர்க் கறை, குளிர்பதனப் பெட்டியில் கசிவைக் காட்டும் சாயம், இருட்டில் ஒளிரும் தேள் ஆகியவை அதில் பளிச்சிடும். அலைநீளம் 365 நானோமீட்டர் என்றிருந்தால் அந்த ஒளிர்வு தெளிவாகத் தெரியும். 395 என்றால் கண்ணுக்குத் தெரியும் ஊதா நிறமே எல்லாவற்றையும் மூழ்கடித்துவிடும். விளக்கை நேரே பார்க்கக் கூடாது. ஒளி மங்கலாகத் தெரிவதால் ஆபத்தும் குறைவு என்று கண் ஏமாந்துவிடும்.

லேசரைப் பொறுத்தவரை என் அபிப்பிராயம் கண்டிப்பானது. சட்டைப்பையில் கிடந்து, பிள்ளைகள் எடுத்து விளையாடக்கூடிய, இருட்டில் தடவி ஏற்றும் ஒரு பொருளில் லேசருக்கு இடமில்லை. லேசர்களை ஆபத்தைப் பொறுத்து வகுப்புகளாகப் பிரித்திருக்கிறார்கள்; அதில் இரண்டாம் வகுப்பின் உச்சவரம்பு 1 மில்லிவாட். உங்கள் டார்ச்சின் உடம்பில் வகுப்பும் அளவும் பொறிக்கப்படவில்லை என்றால் அதை ஏற்றவே வேண்டாம். ஒரே பொத்தானில் லேசரும் பக்கவிளக்கும் மாறி மாறி வருமானால், நண்பர் மனம் நோகாமல் அந்த டார்ச்சை மேசை அறைக்குள் ஓய்வெடுக்க விடுங்கள்.

கேள்வி: இரண்டு விளக்குகள் உள்ள டார்ச்சில் ஒரே பொத்தான் நல்லதா, இரண்டு பொத்தான்களா? பைக்குள் தானாக ஏறிவிடுமோ என்ற பயமும் இருக்கிறது.
– கூரியர் ஊழியர்

பதில்: உங்கள் பயம் நியாயமானது. சில ஆண்டுகளுக்கு முன் கறுப்புக் கால்சட்டைப் பையில் ஒரு தட்டை டார்ச்சை வைத்துக்கொண்டு பேருந்தில் உட்கார்ந்திருந்தேன். தொடையில் எறும்பு கடித்ததுபோல் இருந்தது, தட்டிவிட்டேன். மறுபடி கடித்தது. கையை உள்ளே விட்டால், துணியோடு ஒட்டிக்கிடந்த லென்ஸ் தொட முடியாதபடி கொதித்துக்கொண்டிருந்தது. வெளியே எடுத்தபோது துணியில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு பழுப்பு வட்டம், அதன் நடுவில் இழைகள் உருகி இறுகிப்போயிருந்தன. உடம்பில் துருத்திக்கொண்டிருந்த பொத்தானைச் சாவிக்கொத்து அழுத்தியிருக்கிறது. அதுவும் இருமுறை அழுத்தினால் நேரே உச்சநிலைக்குப் போகும் பொத்தான். அன்றிலிருந்து எந்த டார்ச்சைக் கையில் எடுத்தாலும், ஏற்றிப் பார்ப்பதற்கு முன் எப்படிப் பூட்டுவது என்றுதான் பார்க்கிறேன்.

மேடிட்ட வளையத்துக்குள் பதிந்திருக்கும் பொத்தான், திரும்பும் சுழல்வளையம், அல்லது பின்மூடியைக் கால் சுற்றுத் தளர்த்தினால் மின்சாரமே துண்டிக்கப்படும் அமைப்பு ஆகிய மூன்றில் ஒன்றாவது இருக்க வேண்டும். பொத்தானை நெடுநேரம் அழுத்திப் பூட்டும் மின்னணுப் பூட்டு பரவாயில்லை. ஆனால் பூட்டியதை மறந்துவிட்டு, அவசரத்தில் விளக்கு செத்துவிட்டது என்று நினைப்பதும் நடக்கும்.

இரண்டு பொத்தான்கள் என்றால், கண்ணை மூடிக்கொண்டு எது எது என்று விரலால் அறிய முடிய வேண்டும். அதைவிட எனக்குப் பிடித்தது, முன்விளக்கா பக்கவிளக்கா என்பதைச் சுழல்வளையத்தால் தேர்ந்துவிட்டு, ஒரே பொத்தானால் ஏற்றும் வகை. கதவு எண்ணைப் பார்க்க முன்விளக்கும், பொட்டலத்தின் முகவரியைப் படிக்கப் பக்கவிளக்கும் உங்களுக்கு மாறி மாறித் தேவைப்படும். ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக மூன்று அழுத்தமும் நடுவே ஒரு மினுக்கு வெளிச்சமும் கடக்க வேண்டியிருந்தால், ஒரு வாரத்தில் பக்கவிளக்கை மறந்தேவிடுவீர்கள். இதை நான் பலரிடம் பார்த்திருக்கிறேன்: "பக்கவிளக்கு நான் உபயோகிப்பதே இல்லை" என்பார்கள், குறை பக்கவிளக்கில் இருக்காது, அதற்குப் போகும் வழியில் இருக்கும்.

கேள்வி: பேட்டரி உள்ளேயே பொருத்தப்பட்டதை வாங்கலாமா, கழற்றி மாற்றுவதையா? என் டார்ச் மடிக்கணினியின் சார்ஜரில் சார்ஜ் ஏற மறுக்கிறது. பழைய கேபிளில் ஏறுகிறது. ஏன்?
– புகைப்படக் கலைஞர்

பதில்: இரண்டாவதற்கு முதலில் பதில். இரு முனையிலும் யு.எஸ்.பி. சி உள்ள கேபிளில், மறுமுனையில் இருப்பது மின்சாரம் கேட்கும் கருவிதானா என்று சார்ஜர் உறுதிசெய்த பிறகே மின்சாரம் விடும். அந்த அடையாளத்துக்காக டார்ச்சின் துளையில் 5.1 கிலோ ஓம் மின்தடைகள் இரண்டு இருக்க வேண்டும். விலை அற்பமான அந்த இரண்டு துணுக்குகளை மிச்சம்பிடித்தவர்கள் செய்த டார்ச் உங்களுடையது. பழைய அகல முனை கேபிள் எதையும் கேட்காமல் மின்சாரம் தருவதால் அதில் ஏறுகிறது. ஆபத்து இல்லை, ஆனால் இதை மிச்சம்பிடித்தவர் வேறு எதையெல்லாம் மிச்சம்பிடித்தாரோ என்ற ஐயம் எனக்கு வரும்.

தட்டை உடம்பு வேண்டுமென்றால் பேட்டரி பெரும்பாலும் உள்ளேயேதான் இருக்கும். லித்தியம் பேட்டரி சில நூறு முறை சார்ஜ் ஏறிய பிறகு கொள்ளளவு குறையத் தொடங்கும். அதோடு அந்த டார்ச்சின் ஆயுளும் முடியும். 14500 வகை உருளை பேட்டரி போட்டு மாற்றும் டார்ச் சற்றுப் பருமனாக இருந்தாலும் நீண்டகாலம் வரும்; அவற்றில் சில மாடல்கள் அதே அளவுள்ள சாதாரண ஏ.ஏ. பேட்டரியையும் ஏற்கும். இரண்டின் மின்னழுத்தமும் வேறு என்பதால் கையேட்டைப் பார்க்காமல் போட வேண்டாம். வெயிலில் நிற்கும் காருக்குள் எந்த லித்தியம் டார்ச்சையும் விட்டு வைக்காதீர்கள். தட்டை உடம்பு லேசாக உப்பித் தெரிந்தால் அன்றோடு அதை நிறுத்திவிடுங்கள். விமானப் பயணத்தில் டார்ச்சைப் பூட்டிக் கைப்பையில் வையுங்கள். உதிரி லித்தியம் பேட்டரிகளைச் சரக்குப் பெட்டியில் வைக்க அனுமதியே கிடையாது.

கேள்வி: இதயமுடுக்கி பொருத்திக்கொண்டவர் காந்தம் உள்ள டார்ச்சைச் சட்டைப்பையில் வைக்கலாமா?

பதில்: வைக்கக் கூடாது. காந்தத்துக்கும் இதயமுடுக்கிக்கும் இடையே குறைந்தது 15 சென்டிமீட்டர் இருக்க வேண்டும்; சட்டைப்பை அதற்கு மிக அருகில். காந்தம் இல்லாததைத் தேர்ந்து, தாங்கள் பார்க்கும் மருத்துவரிடமும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: அட்டையில் உள்ள எண்களை வீட்டிலேயே சோதிக்க வழி இருக்கிறதா?
– பொறியியல் மாணவர்

பதில்: துல்லியமாக முடியாது, பொய்யைப் பிடிக்கும் அளவுக்கு முடியும். கைப்பேசியில் லக்ஸ் அளக்கும் செயலி ஒன்றைப் போட்டுக்கொள்ளுங்கள். இருட்டு அறையில் டார்ச்சைச் சுவரில் நேராகப் பாய்ச்சி, டார்ச்சிலிருந்து சரியாக 5 மீட்டர் தள்ளிக் கைப்பேசியின் உணரி மேல் ஒளிவட்டத்தின் நடுப்பகுதி விழும்படி வைத்து, வரும் எண்ணை 25ஆல் பெருக்கினால் கேண்டெலா கிடைக்கும். அதன் வர்க்கமூலத்தை இரண்டால் பெருக்கினால், அட்டையில் "ஒளி எட்டும் தூரம்" என்று போட்டிருக்கும் மீட்டர் கணக்கு வர வேண்டும். 5 மீட்டரில் 100 லக்ஸ் என்றால் 2500 கேண்டெலா, 100 மீட்டர். அந்தத் தூரத்தில் விழும் வெளிச்சம் வெறும் 0.25 லக்ஸ், ஏறக்குறைய தெளிந்த வானத்துப் பௌர்ணமி நிலவொளி. அங்கே ஒருவர் நிற்பது தெரியலாம், யார் என்று தெரியாது.

லூமெனைச் சோதிக்கக் கூரையைப் பயன்படுத்துங்கள். டார்ச்சை மேசையில் நிமிர்த்தி வைத்து வெள்ளைக் கூரையில் ஒளியடித்து, மேசையின் மூலையில் நேரடி ஒளி படாதபடி கைப்பேசியை வைத்து அளந்து, நீங்கள் நம்பும் வேறொரு டார்ச்சையும் அதே இடத்தில் அளந்தால் விகிதம் கிடைத்துவிடும். இதையே நிமிடத்துக்கு ஒருமுறை, அரைமணி நேரம் குறித்துக்கொண்டு வந்தால், மேலே மாணவி கேட்ட அந்த மங்கலின் வரைபடமும் உங்கள் கையில் இருக்கும். பக்கவிளக்குக்கு இந்தக் கூரை முறை ஒத்துவராது, ஏனெனில் அதன் ஒளி பாதி சுவர்களுக்குப் போய்விடும். அதற்கு முகத்துக்கு நேராக அரை மீட்டரில் லக்ஸை அளந்து, கால் பங்காக்கினால் கேண்டெலா, அதை 3.14ஆல் பெருக்கினால் தோராயமான லூமென். முன்னே சொன்ன 255 லக்ஸ் இப்படித்தான் திரும்பவும் 200 லூமெனுக்கு வந்துசேரும்.

கடைசியாக, முழுச் சார்ஜ் ஏற்றி, விளக்கை எரியவிடாமலேயே ஒரு மாதம் மேசை அறையில் போட்டுவையுங்கள். மின்னணுப் பொத்தான் அணைந்த நிலையிலும் துளித்துளியாக மின்சாரம் உறிஞ்சும். 0.02 மில்லி ஆம்பியர் என்றால் 1000 மில்லி ஆம்பியர்-மணி பேட்டரி ஐந்து ஆண்டுக்கு மேல் தாங்கும்; 1 மில்லி ஆம்பியர் என்றால் 42 நாளுக்குள் காலி. மாதக் கடைசியில் பக்கவிளக்கு மங்கித் தெரிந்தால் உத்தரவாதக் காலம் இன்னும் மிச்சமிருக்கும்; அட்டைப்பெட்டியையும் ரசீதையும் மட்டும் அதற்குள் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.